பசியை அளந்து காட்டிய விஞ்ஞானி: ஜோன் பொய்ட் ஓர் (1880 - 1971)

அறிமுகம்

உலகில் பசி நிலவுவதற்குக் காரணம் யாது என வினவினால், போதிய உணவு விளையாமையே காரணம் எனப் பலர் விடை எழுதுவர். இவ்விடை பாதி உண்மையே. 1930களில் விளைந்த உணவை விற்க வழியின்றி விவசாயிகள் வறுமையில் வாடினர். பிரேசிலில் கோப்பி தீயிட்டு எரிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் உலகின் பல பகுதிகளிலும் கோடிக்கணக்கானோர் அரைவயிற்றுடன் வாழ்ந்தனர். ஒரு புறம் விற்பனையாகாத உணவு, மறு புறம் வாங்க இயலாத ஏழை. இவ்விரண்டும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள் என்பதை ஆய்வுகளின் மூலம் எடுத்துக்காட்டியவர் ஸ்கொட்லாந்து நாட்டு விஞ்ஞானி ஜோன் பொய்ட் ஓர் ஆவார். ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனத்தின் முதலாவது பணிப்பாளர் நாயகமும் இவரே.

பிறப்பும் கல்வியும்

ஜோன் பொய்ட் ஓர் 1880 செப்டெம்பர் 23 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கில்மோர்ஸ் என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் கல் அகழும் தொழிலை நடத்தியவர்; சமயப்பற்று மிக்கவர். ஜோனுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் வெஸ்ட் கில்பிரைட் என்ற ஊரில் குடியேறியது. 13 ஆவது வயதில் புலமைப்பரிசில் பெற்று நகரப் பாடசாலைக்குச் சென்றார். ஆனால் அங்கு பாடங்களைக் கவனிப்பதிலும் பார்க்க, தந்தையின் கல் அகழும் இடத்துத் தொழிலாளருடன் பொழுதைக் கழிப்பதிலேயே ஆர்வம் காட்டினார். இதனால் தந்தையார் அவரை ஊர்ப் பாடசாலைக்கே திருப்பி அழைத்துக்கொண்டார். அங்கு படித்துக்கொண்டே மாணவ ஆசிரியராகவும் பணியாற்றினார்.

19 ஆவது வயதில் மீண்டும் ஒரு புலமைப்பரிசில் கிடைத்தது. கிளாஸ்கோ நகரில் ஆசிரியர் பயிற்சியுடன் பல்கலைக்கழகக் கல்வியையும் தொடர்ந்து 1902 இல் கலைப் பட்டம் பெற்றார். கைத்தொழில் நகரான கிளாஸ்கோவின் சேரிகளில் அவர் கண்ட காட்சிகள் அவரது வாழ்க்கைப் போக்கையே மாற்றின. போதிய உணவின்றிக் கால் எலும்புகள் வளைந்த பிள்ளைகளை அவர் வீதிகளிலே கண்டார். ஆசிரியராக முதலில் நியமனம் பெற்ற பாடசாலையும் சேரிப்புறத்திலேயே இருந்தது. பசியாலும் நோயாலும் வாடிய பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில், வெறும் பாடத்தால் அவர்களுக்குப் பயன் விளையாது என உணர்ந்தார். சில நாட்களிலேயே அப்பதவியை விட்டு விலகினார்.

பின்னர் வேறொரு பாடசாலையில் மூன்று ஆண்டுகள் கற்பித்தார். 25 வயதளவில் மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்து விஞ்ஞானமும் மருத்துவமும் பயின்றார். 1910 இல் விஞ்ஞானப் பட்டமும் 1912 இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். எனினும் வைத்தியத் தொழிலை நாடாது, உணவுக்கும் உடல்நலத்துக்கும் இடையிலான தொடர்பை ஆராயும் துறையையே தேர்ந்தெடுத்தார்.

ரோவெற் ஆய்வு நிலையம்

1914 ஏப்பிரலில் அபர்டீன் நகரில் தொடங்கப்படவிருந்த போசணை ஆய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்கச் சென்றார். அங்கு நிலையம் என்று சொல்லக்கூடிய எதுவும் இருக்கவில்லை. கட்டட வேலைக்கு 5000 பவுண் நிதி மாத்திரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் வேலையைத் தொடங்கிய சில மாதங்களில் முதலாம் உலக யுத்தம் மூண்டது. யுத்தகளத்தில் இராணுவ வைத்தியராகச் சேவையாற்றி வீர விருதுகள் பெற்றார்.

யுத்தம் முடிந்து திரும்பியதும் நிதி திரட்டுவதில் ஈடுபட்டார். ஜோன் குவில்லர் ரோவெற் என்ற வர்த்தகர் பெருந்தொகை வழங்கினார். 1922 இல் மேரி மகாராணியால் திறந்து வைக்கப்பட்ட அந்நிலையம் ரோவெற் ஆய்வு நிலையம் எனப் பெயர் பெற்றது. ஆரம்பத்தில் இங்கு கால்நடைகளின் போசணையே முக்கியமாக ஆராயப்பட்டது. மாட்டுக்கும் பன்றிக்கும் எவ்வகை உணவு எவ்வளவு தேவை என்பதைக் கணித்த விஞ்ஞானிக்கு, மனிதப் பிள்ளைகளுக்கு அந்தக் கவனிப்புக் கிடைக்கவில்லை என்பது புலப்பட்டது.

பாடசாலைப் பால் ஆய்வு

1926, 1927 ஆம் ஆண்டுகளில் ஸ்கொட்லாந்தின் பாடசாலைப் பிள்ளைகளிடையே ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. சில பிள்ளைகளுக்கு வழமையான உணவுக்கு மேலதிகமாக நாள்தோறும் பால் வழங்கப்பட்டது. ஏனையோருக்குப் பால் வழங்கப்படவில்லை. சில மாதங்களின் பின் அளந்து பார்த்தபோது, பால் அருந்திய பிள்ளைகளின் உயரமும் நிறையும் கூடிய வேகத்தில் அதிகரித்திருந்தன. கொழுப்பு நீக்கிய மலிவான பாலும் இப்பயனைத் தந்தமை குறிப்பிடத்தக்கது.

இதே காலத்தில் பாற்பண்ணையாளர் தமது பாலுக்குச் சந்தை கிடைக்காது இடர்ப்பட்டனர். 1934 இல் பிரித்தானிய அரசாங்கம் பாடசாலைகளுக்குக் குறைந்த விலையில் பால் வழங்கச் சட்டம் இயற்றியது. 1946 இல் அது இலவசமாக்கப்பட்டது. பிள்ளைக்குப் போசாக்கு, பண்ணையாளருக்குச் சந்தை என ஒரே ஏற்பாட்டினால் இரு சாராரும் நன்மையடைந்தனர். பொய்ட் ஓர் பிற்காலத்தில் உலகத்துக்கு முன்வைத்த திட்டத்தின் வித்து இதுவே எனலாம்.

உணவு, உடல்நலம், வருமானம் (1936)

1936 இல் இவர் வெளியிட்ட ஆய்வு நூலின் பெயரே உணவு, உடல்நலம், வருமானம் என்பதாகும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் செலவுக் கணக்குகள் இதற்காக ஆராயப்பட்டன. பிரித்தானிய மக்கள் வருமான அடிப்படையில் ஆறு பிரிவுகளாக வகுக்கப்பட்டனர். அடிமட்டப் பிரிவில் 45 இலட்சம் மக்கள் இருந்தனர். இவர்களில் ஒருவருக்கு வாரமொன்றில் உணவுக்காகச் செலவிட முடிந்தது ஏறத்தாழ 4 சிலிங் மாத்திரமே. மக்களில் ஏறக்குறைய அரைப்பங்கினருக்கே எல்லா வகையிலும் நிறைவான உணவு கிடைத்தது.

அக்காலத்தில் உலகின் பெரும் பேரரசாக விளங்கிய நாட்டிலேயே இந்நிலை என்பது பலரை அதிர்ச்சிக்குள்ளாக்கியது. ஏழைத் தாய்மாருக்குச் சமைக்கத் தெரியாமையே குறைபாட்டுக்குக் காரணம் என்ற வாதம் வலுவிழந்தது. அவர்களிடம் இல்லாதது பணமே என்பது புள்ளிவிபரங்களால் நிறுவப்பட்டது.

இக்காலத்தில் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்திலும் இக்கருத்து எழுந்தது. அவுஸ்திரேலியாவின் ஸ்ரான்லி புரூஸ், பிராங் மக்டூகல் ஆகியோர் சுகாதாரமும் விவசாயமும் ஒன்றிணைக்கப்பட வேண்டும் என 1935 இல் வலியுறுத்தினர். மக்டூகல் பொய்ட் ஓரின் நண்பராவார்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியாவின் உணவுக் கொள்கை போசணைத் தேவைகளையும் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. பங்கீட்டு முறையால் பணக்காரருக்கும் ஏழைக்கும் அடிப்படை உணவு சமமாகக் கிடைத்தது. தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் பால் வழங்குவதில் முன்னுரிமை அளிக்கப்பட்டது. யுத்தத்தின் மத்தியிலும் ஏழை மக்களின் உணவு நிலை முன்னரிலும் மேம்பட்டது. எனினும் பொய்ட் ஓரின் குடும்பம் யுத்தத்தின் இழப்பிலிருந்து தப்பவில்லை. அவரது ஒரே மகன் அந்த யுத்தத்தில் உயிரிழந்தார்.

உணவு விவசாயத் தாபனம்

1943 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஹொட் ஸ்பிறிங்ஸ் நகரில் 44 நாடுகள் கூடி உணவு பற்றி ஆராய்ந்தன. அதன் பயனாக 1945 ஒக்டோபர் 16 ஆம் திகதி கனடாவின் கியூபெக் நகரில் உணவு விவசாயத் தாபனம் உருவாகியது. அந்த மகாநாட்டுக்குப் பொய்ட் ஓர் பேசும் உரிமையற்ற ஓர் ஆலோசகராகவே அனுப்பப்பட்டார். ஆயினும் அவரது கருத்தைக் கேட்க ஏனைய நாட்டுப் பிரதிநிதிகள் விரும்பினர். தகவல் திரட்டுவதும் ஆலோசனை கூறுவதும் மாத்திரம் போதாது, பசித்தோருக்கு உணவு சென்றடைய வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. முடிவில் அவரே முதலாவது பணிப்பாளர் நாயகமாகத் தெரிவு செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 65.

பதவியேற்ற அடுத்த ஆண்டிலேயே யுத்தத்தின் பின்னான உணவுத் தட்டுப்பாடு உலகை அச்சுறுத்தியது. 1946 இல் அவசரகால சர்வதேச உணவுக் கழகம் அமைக்கப்பட்டு, கிடைத்த உணவு நாடுகளிடையே பங்கிடப்பட்டது. அதே ஆண்டில் வெளியான முதலாவது உலக உணவு மதிப்பீடு 70 நாடுகளை ஆராய்ந்தது. யுத்தத்துக்கு முன்னரும் உலக மக்களில் அரைப்பங்குக்கு மேற்பட்டோர் வாழ்ந்த பகுதிகளில், ஒருவருக்குக் கிடைத்த சராசரி உணவு நாளொன்றுக்கு 2250 கலோரிக்கும் குறைவு என அது காட்டியது. பசி யுத்தத்தால் மட்டும் வந்ததன்று என்பது இதனால் தெளிவாகிறது.

உலக உணவுச் சபைத் திட்டம்

1946 செப்டெம்பரில் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் நடைபெற்ற மகாநாட்டில் பொய்ட் ஓர் உலக உணவுச் சபை என்ற திட்டத்தை முன்வைத்தார். அதன் முக்கிய அம்சங்கள் வருமாறு.

1. விளைபொருட்களின் உலகச் சந்தை விலையை நிலைப்படுத்தல். விலை வீழும்போது சபை கொள்வனவு செய்து களஞ்சியப்படுத்தும். விலை ஏறும்போது அதனை விற்பனை செய்யும்.
2. பஞ்ச காலத்தில் உதவுவதற்கென உலக உணவுக் கையிருப்பு ஒன்றைப் பேணல்.
3. மிகையாக விளைந்த உணவைத் தேவையுள்ள நாடுகளுக்குச் சலுகை அடிப்படையில் வழங்க நிதியளித்தல்.
4. வறிய நாடுகள் தமது விவசாயத்தையும் கைத்தொழிலையும் விருத்தி செய்யக் கடன் கிடைக்க வழி செய்தல்.

நான்காவது அம்சம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. உணவை இலவசமாகக் கொடுத்தால் இன்றைய பசி தீரும். ஆனால் கிராமத்து விவசாயியின் விளைச்சலும் வருமானமும் உயர்ந்தாலே நாளைய பசி தீரும். நீர்ப்பாசனம், பசளை, கருவிகள் என்பவற்றைப் பெற வறிய நாடுகளுக்கு மூலதனம் தேவை. கிராமிய வறுமை ஒழிப்பும் பசி ஒழிப்பும் இவ்வாறு ஒரே திட்டத்தில் இணைக்கப்பட்டன.

கொப்பன்ஹேகனில் திட்டத்தின் நோக்கங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஆனால் அதனை ஆராய வாசிங்டனில் கூடிய ஆணைக்குழு 1947 இன் தொடக்கத்தில் சபை அமைக்கும் யோசனையைக் கைவிட்டது. இதற்கான காரணங்கள் இரண்டு.

அ. ஐக்கிய அமெரிக்கா தனது நிதியையும் உணவு வர்த்தகத்தையும் ஒரு சர்வதேச சபையின் கட்டுப்பாட்டில் விட விரும்பவில்லை.
ஆ. உணவை இறக்குமதி செய்த பிரித்தானியா, திட்டத்தினால் விலை உயரும் என அஞ்சியது.

நிதியும் அதிகாரமும் கொண்ட சபைக்குப் பதிலாக, நிலைமைகளை ஆராய்ந்து ஆலோசனை கூறும் கழகமே கிடைத்தது. மனம் நொந்த பொய்ட் ஓர் 1948 இல் பதவியிலிருந்து நீங்கினார். அதே ஆண்டில் சுதந்திரமடைந்த இலங்கை உணவு விவசாயத் தாபனத்தில் அங்கத்துவம் பெற்றது. ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கைக்கு 1955 இலேயே அங்கத்துவம் கிடைத்தது என்பதையும் ஒப்பிட்டு நோக்குக.

நோபல் பரிசும் இறுதிக்காலமும்

1949 இல் பொய்ட் ஓருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. விஞ்ஞானி ஒருவருக்கு மருத்துவப் பரிசன்றிச் சமாதானப் பரிசு ஏன் என்ற ஐயம் எழலாம். பசித்த உலகில் சமாதானம் நிலைக்காது என்ற அவரது கொள்கைக்கே அப்பரிசு உரியது. கிடைத்த பணத்தை அவர் சமாதானத்துக்காக உழைத்த அமைப்புகளுக்கு வழங்கினார். பிரபுப் பட்டமும் அவ்வாண்டிலேயே கிடைத்தது. தொடர்ந்தும் உலக நாடுகளுக்குச் சென்று உணவு, சமாதானம் பற்றி எடுத்துரைத்தார். 1971 ஜூன் 25 ஆம் திகதி தமது 90 ஆவது வயதில் ஸ்கொட்லாந்தில் காலமானார்.

மதிப்பீடு

பொய்ட் ஓரின் பெருந்திட்டம் தோல்வியடைந்தது என்பது உண்மை. ஆயினும் அதன் பகுதிகள் பின்னர் தனித்தனியாக உருப்பெற்றன. மிகை உணவைத் தேவையுள்ளோருக்கு வழங்கும் பணிக்கு 1961 இல் உலக உணவுத் திட்டம் தோன்றியது. கிராமிய விவசாயிகளுக்கு மூலதனம் வழங்க 1977 இல் விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியம் தோன்றியது. தாபனம் உருவான ஒக்டோபர் 16 ஆம் நாள் 1981 முதல் உலக உணவுத் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் விளைபொருள் விலைகளை உலகளவில் நிலைப்படுத்தும் அதிகாரமுள்ள சபை இன்றுவரை அமைக்கப்படவில்லை. விலை வீழ்ச்சியால் விவசாயியும் விலையேற்றத்தால் ஏழை நுகர்வோனும் மாறிமாறித் துன்புறும் நிலை தொடர்கிறது. 2030 இல் பசியை முற்றாக ஒழிப்பது என 2015 இல் உலக நாடுகள் இலக்கு வகுத்தபோது, 1947 இல் ஒதுக்கி வைத்த அதே பிரச்சினைக்கே மீண்டும் வந்து சேர்ந்தன எனலாம்.

கவனிக்க: உலக உணவுச் சபை வேறு, உலக உணவுத் திட்டம் வேறு. முன்னையது 1946 இல் முன்மொழியப்பட்டு நிராகரிக்கப்பட்டது. பின்னையது 1961 இல் தோன்றி இன்றும் இயங்குகிறது. விடை எழுதும்போது இவ்விரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. கிளாஸ்கோ நகர வாழ்க்கை பொய்ட் ஓரின் சிந்தனையில் ஏற்படுத்திய தாக்கத்தைக் கூறுக.
2. பாடசாலைப் பால் வழங்கலினால் நன்மையடைந்த இரு சாராரையும் குறிப்பிட்டு விளக்குக.
3. உலக உணவுச் சபைத் திட்டத்தின் நான்கு அம்சங்களைத் தருக.
4. அத்திட்டம் நிராகரிக்கப்பட்டமைக்கான காரணங்கள் இரண்டினை விளக்குக.
5. உணவு உற்பத்தியைப் பெருக்குவதால் மாத்திரம் பசியை ஒழிக்க முடியுமா? பொய்ட் ஓரின் ஆய்வுகளைத் துணைக்கொண்டு ஆராய்க.

குறிப்பு: ஐந்தாம் வினாவுக்கு விடையளிக்கும்போது 1936 ஆம் ஆண்டு ஆய்வின் புள்ளிவிபரம் ஒன்றையேனும் ஆதாரமாகக் காட்டுக. ஏழையின் வாங்கும் சக்தி, விவசாயிக்குக் கிடைக்கும் விலை ஆகிய இரண்டும் விடையில் இடம்பெற வேண்டும்.