கூரத்தாழ்வான் கண்ட நிலைத்த இன்பம்

எம்பெருமான் திருமுன்பே நிற்கும்போது நெஞ்சில் ஏதேனும் ஒரு வேண்டுதல் இல்லாதவர் அரியர். பிள்ளைப்பேறு, பிணி நீக்கம், தொழிலில் லாபம், மகளுக்கு நல்ல இடத்தில் விவாகம் என்று அவரவர் குறை அவரவர்க்கு. கேட்டது கிடைத்தால் மகிழ்கிறோம். சில நாள்களில் அம்மகிழ்ச்சி பழகிப்போகிறது. வேறொரு குறை தலைகாட்டுகிறது. கேட்டது கிடைக்காவிடில் பக்தியே தளர்ந்துபோகிறது. அங்ஙனமாயின், பக்தி மனிதனுக்கு அழியாத இன்பத்தைத் தருவதுண்டா என்ற ஐயம் எழுவது இயல்பே. இந்த ஐயத்திற்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்ற மஹான் கூரத்தாழ்வான். செல்வத்தில் பிறந்து அதனைத் துறந்தவர், பசியை அறிந்தவர், இரு கண்களையும் இழந்தவர், ஆசாரியரை நெடுங்காலம் பிரிந்திருந்தவர். துன்பத்தின் சுவடே அறியாதவர் இன்பத்தைப் பற்றிப் பேசினால் நாம் நம்பத் தயங்கலாம். ஆழ்வான் விஷயத்தில் அந்தத் தயக்கத்திற்கு இடமில்லை.

காஞ்சீபுரத்திற்கு அருகிலுள்ள கூரம் என்னும் கிராமத்தில், ஸௌம்ய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் ஆழ்வான் அவதரித்தார். அது கி.பி. 1010 என்பர். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவருடைய திருநாமம். பகவத் ராமாநுஜர் 1017-இல் அவதரித்தவராதலால், சிஷ்யர் ஆசாரியரைவிட வயதில் ஏழாண்டு மூத்தவர். கல்வியிலும் குலத்திலும் செல்வத்திலும் குறைவற்றிருந்த ஒருவர், தம்மினும் இளையவரான யதிராஜரின் திருவடிகளைப் பற்றினார் என்பதே அவருடைய உள்ளப்பாங்கைக் காட்டும்.

கூரத்தில் ஆழ்வானுடைய திருமாளிகையில் பகல் முழுதும் அன்னதானம் நடைபெறும். இரவில் அதன் பெருங்கதவுகள் சாத்தப்படும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவி வரை எட்டியதென்றும், அவ்வோசை யாதென்று தாயார் வினவியருளியதைத் திருக்கச்சிநம்பிகள் வாயிலாக ஆழ்வான் அறிந்தாரென்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பிறர் இதனைப் பெருமையாகக் கொண்டிருப்பர். ஆழ்வானோ, தம்முடைய செல்வத்தின் ஓசை பிராட்டியின் திருச்செவிக்கு எட்டியதே என்று நாணினார். அனைத்தையும் வாரி வழங்கிவிட்டு, தேவியான ஆண்டாளுடன் திருவரங்கம் நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்.

வழியில் ஒரு காடு. இருள் சூழ்ந்ததும் ஆண்டாள் அஞ்சி, இங்கே பயமுண்டோ என்று கேட்டார். மடியில் கனமிருந்தாலன்றோ வழியில் பயம் என்றார் ஆழ்வான். கணவர் நீர் அருந்துவதற்கென்று ஒரு பொன் வட்டிலை மட்டும் எடுத்து வந்திருப்பதை அந்த அம்மையார் அப்போது தெரிவித்தார். ஆழ்வான் அதனை வாங்கிப் புதருக்குள் எறிந்தார். அதன்பின் இருவரும் அச்சமின்றி நடந்தனர்.

திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியே ஜீவனமாயிற்று. ஒருநாள் பெருமழை. ஆழ்வான் பிக்ஷைக்குச் செல்ல இயலவில்லை. பட்டினியாகவே அவர் அநுஸந்தானத்தில் அமர்ந்துவிட்டார். இரவில் பெரிய பெருமாளுக்கு அமுது செய்விக்கும் மணியோசை கேட்டது. உன்னுடைய பக்தர் பட்டினி கிடக்க நீ அமுது செய்கின்றாயோ என்று ஆண்டாளின் நெஞ்சம் நொந்தது. சிறிது நேரத்தில் பெருமாளின் நியமனத்தால் உத்தமநம்பி பிரசாதத்துடன் வாசலில் வந்து நின்றார். ஆழ்வான் திகைத்து, எம்பெருமானிடம் ஏதேனும் வேண்டிக்கொண்டாயோ என்று மனைவியை வினவினார். அவர் உண்மையை ஒப்புக்கொண்டார். பிரசாதத்தை மறுத்தல் தகாதாகையால் இரு கவளம் மட்டும் ஏற்று, அதனை அம்மையாருக்கும் அளித்தார். அந்தப் பிரசாதத்தின் பயனாகவே பராசர பட்டரும் வேதவியாஸ பட்டரும் அவதரித்தனர் என்பது பெரியோர் வாக்கு. பசியினால் கலங்காத ஆழ்வான், தமக்காக ஒன்று கேட்கப்பட்டதே என்றுதான் கலங்கினார்.

பிறருக்காகக் கேட்பதற்கு அவர் ஒருபோதும் தயங்கியதில்லை. திருவரங்கம் பெரிய கோயில் நிர்வாகம் அக்காலத்தில் அமுதனாரிடம் இருந்தது. அமுதனாரின் தாயார் பரமபதித்தபோது, பதினோராம் நாள் சிராத்தத்தில் அமுது செய்வதற்கு ஆழ்வானை அனுப்பிவைத்தார் ராமாநுஜர். பலரும் ஏற்கத் தயங்கும் ஸ்தானம் அது. அமுது செய்தவர் திருப்தி என்று சொன்னாலன்றிக் கர்மம் நிறைவு பெறாது. என்ன வேண்டும் என்று அமுதனார் கேட்க, திருக்கோயில் நிர்வாகத்தை உடையவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார் ஆழ்வான். அமுதனார் அவ்வாறே செய்தார். பின்னாளில் இராமாநுச நூற்றந்தாதி அருளிச்செய்த அவ்வமுதனார், கல்வி, செல்வம், குலம் என்ற மூவகைச் செருக்கையும் கடந்தவர் என்று ஆழ்வானை அந்நூலில் போற்றியுள்ளார்.

பிரஹ்ம ஸூத்திரத்திற்கு உரை காணத் திருவுள்ளம் பற்றிய ராமாநுஜர், போதாயனருடைய விருத்தி நூலைத் தேடிக் காச்மீரம் சென்றபோது ஆழ்வானும் உடன் சென்றார். பெற்ற நூல் வழியிலேயே திரும்பப் பறிக்கப்பட்டது. ஆசாரியர் வருந்தி நிற்க, இரவுதோறும் கண்விழித்து அதனை முழுதும் மனத்தில் பதித்துக்கொண்டதாக ஆழ்வான் பணிவுடன் விண்ணப்பித்தார். திருவரங்கம் திரும்பியபின் ஸ்ரீபாஷ்யத்தை உடையவர் சொல்லிவர, ஆழ்வான் பட்டோலை கொண்டார். தாம் சொல்வது ஸம்பிரதாயத்திற்குப் பொருந்தாவிடில் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசாரியரின் நியமனம்.

ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைக் கூறுமிடத்தில், அறியும் தன்மையையே உடையவர் எடுத்துச் சொன்னார். ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. அறிவு ஆத்மாவின் தன்மைதான். ஆயினும் எம்பெருமானுக்கு உடைமையாய் இருத்தல் என்னும் சேஷத்வத்தைச் சொல்லாமல் விட்டால் ஆத்மாவைச் சொன்னதாகாதே என்பது அவர் கருத்து. பலமுறை சொல்லியும் எழுதாமையால் உடையவர் சினந்து, அவரைத் திருவடியால் தள்ளிவிட்டு எழுந்து சென்றார். இப்போது என்ன செய்வீர் என்று அருகிலிருந்தோர் கேட்டனர். உடைமையை உடையவர் தம் விருப்பப்படி செய்கிறார், இதில் நான் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கூறி ஆழ்வான் அங்கேயே காத்திருந்தார். பின்னர் உடையவர் சிந்தித்து, சிஷ்யரின் கருத்தே ஏற்றதென உணர்ந்து, சேஷத்வத்தையும் சேர்த்துச் சொல்ல, எழுத்தாணி மீண்டும் நகர்ந்தது.

இந்த நிகழ்ச்சியில்தான் ஆழ்வானுடைய இன்பத்தின் வேர் இருக்கிறது. நான் எனக்கு உரியவன் என்று எண்ணுபவனுக்கு ஒவ்வோர் இழப்பும் தன் இழப்பே. நான் அவனுக்கு உரியவன் என்று தெளிந்தவனுக்கு, தன்னைக் காக்கும் கவலை உடையவனைச் சேர்ந்துவிடுகிறது. ஏட்டில் எழுத ஆழ்வான் வற்புறுத்திய இக்கொள்கை அவர் வாழ்விலேயே பரீக்ஷிக்கப்படும் காலம் வந்தது.

கிருமிகண்டன் என்று நம் நூல்கள் குறிக்கும் சோழ மன்னன், சிவனே பரம்பொருள் என்று வைணவப் பெரியோர்களிடம் கையொப்பம் வாங்க முற்பட்டான். அமைச்சனான நாலூரான், கூரத்தாழ்வானும் பெரியநம்பியும் ஒப்பமிட்டாலன்றிப் பயனில்லை என்றான். அந்த நாலூரான் ஆழ்வானிடம் முன்பு கற்றவனே. உடையவரை அழைத்துவர ஆட்கள் வந்தபோது, ஆழ்வான் அவருடைய காஷாயத்தைத் தாம் தரித்து அரசவை சென்றார். உடையவர் வெள்ளாடையுடன் மேல்நாட்டிற்கு எழுந்தருளினார். வயது முதிர்ந்த பெரியநம்பியும் அவருடைய திருமகளார் அத்துழாயும் ஆழ்வானுடன் சென்றனர்.

ஆழ்வான் ஒப்பமிட மறுத்தார். சினமுற்ற அரசன் கண்களைப் பறிக்க ஆணையிட்டான். உன்னைக் கண்ட கண்கள் எனக்கு வேண்டா என்று ஆழ்வான் தாமே அவற்றைப் பறித்தெறிந்தார். பெரியநம்பியின் கண்களும் பறிக்கப்பட்டன. திரும்பும் வழியில் வேதனை தாளாது நம்பிகள் ஆழ்வானுடைய மடியில் சாய்ந்தார். திருவரங்கம் வரை உயிர் தாங்கலாகாதோ என்று கேட்டபோது, சரணாகதர்களுக்கு இறுதிக்காலத்திற்கென ஓர் இடம் வேண்டுமென்று பின்னுள்ளார் எண்ணிவிடலாகாது என்று கூறி, அவ்விடத்திலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

கண்ணிழந்த ஆழ்வான் திருவரங்கத்தை அடைந்து பெரிய பெருமாளை ஸேவிக்கச் சென்றார். ராமாநுஜ ஸம்பந்தமுடைய எவரையும் உள்ளே விடலாகாது என்று அரசாணை இருந்தது. காவலரில் ஒருவன் தடுக்க, மற்றொருவன், இவர் நற்குணமுடையவர், யாருக்கும் பகையில்லாதவர், இவரை விடலாம் என்றான். அதைக் கேட்ட ஆழ்வான் இரண்டடி பின்வாங்கினார். குணங்கள் ஆசாரிய ஸம்பந்தத்திற்குத் துணையாக வேண்டும். அந்த ஸம்பந்தத்தை அறுத்துவிட்டு வரும் பெருமாள் ஸேவையும் வேண்டா என்று திரும்பினார். செல்வத்தையும் கண்களையும் விட்டவர், கோயில் வாசலில் நின்று பெருமாளையும் விட்டுத் திரும்பிய இடம் அது. பின்னர்த் திருமாலிருஞ்சோலையில் குடும்பத்துடன் வசித்து, அழகரைப் போற்றி ஸுந்தரபாஹு ஸ்தவத்தை அருளிச்செய்தார். அழகரின் வடிவழகைக் கண்ணில்லாத ஒருவர் வருணித்தார் என்பதை நினைக்குந்தோறும் உள்ளம் உருகும். ஸ்ரீவைகுண்ட ஸ்தவம், அதிமாநுஷ ஸ்தவம், வரதராஜ ஸ்தவம், ஸ்ரீஸ்தவம் ஆகியவற்றுடன் சேர்த்து இவை பஞ்சஸ்தவம் எனப்படும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் உடையவர் திருவரங்கம் மீண்டார். ஆழ்வானின் நிலை கண்டு, தம் பொருட்டன்றோ இக்கண்கள் போயின என்று கதறினார். யாரோ ஓர் அடியாருடைய திருமண்காப்பு கோணலாயிருக்கிறதென்று என்றோ நினைத்திருப்பேன், அதன் பலன் இது என்று ஆழ்வான் ஆசாரியரைத் தேற்றினார். அரசன் மீதோ நாலூரான் மீதோ ஒரு சொல் குறை கூறவில்லை. உடையவர் மனம் ஆறவில்லை. கேட்டவர்க்குக் கேட்டது தரும் பேரருளாளனைப் பாடிக் கண்களை வேண்டும்படி நியமித்தார்.

ஆழ்வான் காஞ்சியில் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்தார். வரதன் உகந்து, வேண்டுவதைக் கேள் என்றான். நான் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றார் ஆழ்வான். தம் கண்கள் போகக் காரணமானவனுக்குத் தம்மோடொத்த மோக்ஷத்தை வேண்டினார்! பாம்பின் வாயில் அகப்பட்ட தவளையின் அலறல் கேட்டு, இதன் குரலை யார் கேட்பார் என்று மயங்கி விழுந்தவர் அவர் என்று பெரியோர் கூறுவர். அத்தகைய உள்ளத்திற்கு, நரகம் புகவிருந்த ஒருவன் கண்ணில் பட்டபின் தம் கண்கள் நினைவுக்கு வரவில்லை. செய்தி அறிந்த உடையவர், தம் நியமனம் நிறைவேறவில்லையே என்று வருந்தினாராயினும், அப்பெருங்கருணையை வியந்தார். எம்பெருமானையும் உடையவரையும் மட்டும் காணும் பார்வை ஆழ்வானுக்கு அருளப்பெற்றதென்று கூறுவாரும் உளர்.

இறுதியில் நம்பெருமாள் ஸந்நிதியில், தம்மைத் திருவடியில் சேர்த்துக்கொள்ளுமாறு ஆழ்வான் வேண்டினார். அவருக்கும் அவருடைய ஸம்பந்தமுடையார் அனைவருக்கும் பேறு உண்டென்று பெருமாள் அருளினான். ஆழ்வானுடைய ஸம்பந்தத்தால் நமக்கும் பேறு உண்டு என்று உடையவர் தம் மேலாடையை உயர எறிந்து களித்தாராம். அடுத்த கணமே பிரிவை எண்ணி, எனக்கு முன் செல்வது ஏன் என்று கேட்டார். அங்கே முன்னே சென்றவர் பின்னே வருபவரை எதிர்கொண்டழைப்பது முறை. தேவரீரை அடியேன் எதிர்கொள்ள வேண்டாமோ என்றார் ஆழ்வான். பெருமாளும் நாச்சியாரும் காப்பார்கள் என்று திருக்குமாரர்களைத் தேற்றி, பிள்ளைப்பிள்ளை ஆழ்வானுடைய மடியில் திருமுடியையும், ஆண்டாளின் மடியில் திருவடிகளையும் வைத்துத் திருநாடு அலங்கரித்தார்.

ஆழ்வானுக்குப் பக்தி பொன்னைத் தரவில்லை. இருந்த பொன்னும் போயிற்று. கண்ணைக் காக்கவில்லை. துன்பமே நேராதென்ற உறுதியையும் அளிக்கவில்லை. அவன் உடைமை நான் என்ற தெளிவு ஒன்றையே அளித்தது. அதை எந்த அரசனாலும் பறிக்க இயலவில்லை. பசியாலும் இருளாலும் குறைக்க இயலவில்லை. பெற்றுப் பெற்று வளரும் இன்பம் பெறுவது நின்றால் வாடும். ஆழ்வானுடைய இன்பம் இழக்க இழக்கத் தெளிந்து, பகைவனுக்கும் பங்கு தருமளவு பெருகி நின்றது. நிலைத்த இன்பம் என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் ஏது?

நம்முடைய சிறு குறைகளை எம்பெருமானிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வோம்? அவற்றைச் சொல்லிக்கொள்வதில் பிழையில்லை. சொல்லி முடித்தபின், நமக்குத் தீங்கு செய்த ஒருவருடைய நலனையும் ஒருமுறை வேண்டிப் பார்ப்போம். கூரம் ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயிலில் தை ஹஸ்தத்தில் கொண்டாடப்படும் அம்மஹானின் வாழ்வு நமக்குக் காட்டும் வழி அது.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.