ஞாயிற்றுக்கிழமை ஓடாத வீரர்

நம்மில் பலர் இன்னும் சில வருஷத்துல அப்பா, அம்மா ஆகப்போறவங்க. பிள்ளைகளைச் சமய நம்பிக்கையோடு எப்படி வளர்ப்பது என்ற கேள்வி அப்போ நம்ம முன்னால வந்து நிற்கும். அதற்கு ஓர் ஓட்டப்பந்தய வீரரின் வாழ்க்கையில் எனக்கு நல்ல பதில் கிடைத்தது. அவர் நம் சமயத்தவர் இல்லை. ஸ்காட்லாந்துக் கிறிஸ்தவர், பெயர் எரிக் லிடல்.

1902-இல் சீனாவின் தியன்சின் நகரில் பிறந்தார். பெற்றோர் அங்கே சமயப் பணி செய்தவர்கள். ஆறு வயதில் அண்ணனோடு இங்கிலாந்து விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்டார். இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்ல அப்பா அம்மா பக்கத்தில் இல்லை. ஆனாலும் குடும்பத்தில் பார்த்த பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறைவனுக்குரிய நாள், அன்று விளையாட்டு கிடையாது என்பது அதில் ஒன்று.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தார். ரக்பியில் ஸ்காட்லாந்துக்காக ஆடினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் அவர்மேல் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை. ஓட மாட்டேன்னு சொல்லிட்டார். எவ்வளவு வற்புறுத்தியும் மனசு மாறல.

அவரைப் பற்றிய 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு அந்த விஷயம் தெரியவரும். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். அந்த மாதங்களில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். ஜூலை 11 அன்று வெளிக்கோடித் தடத்தில் ஓடி, 47.6 வினாடியில் தங்கம் வென்றார். 200 மீட்டரில் வெண்கலமும் கிடைத்தது.

பெரும்பாலானவர்கள் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

1925-இல் சீனாவுக்குத் திரும்பி ஆசிரியரானார். 1941-இல் போர் நெருங்கியதும் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை. 1943-இல் ஜப்பானியர்கள் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் நிறைய பேர். அவர்களுக்கு அறிவியல் பாடம் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டு நடத்தினார். எல்லாருக்கும் அவர் மாமாதான். ஆனால் ஞாயிறு மட்டும் விளையாட்டு கிடையாது.

ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் அது அடிதடியில் முடிந்தது. லிடல் யோசித்தார். அடுத்த ஞாயிறு அவரே நடுவராக மைதானத்தில் இறங்கினார்!

ஒலிம்பிக் தங்கத்துக்காகத் தளர்த்தாத விதியைப் பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். 1945 பிப்ரவரி 21 அன்று, 43 வயதில், மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார்.

நம்ம வீடுகளில் பல நேரம் இது தலைகீழாக நடக்குது. பிள்ளை தேவாரம் பாடணும். அப்பா கைப்பேசியைப் பார்த்துக்கிட்டு இருப்பார். புரட்டாசி விரதம் பிள்ளைக்குத்தான், நமக்கு இல்லை. லிடல் கண்டிப்பைத் தனக்கு வைத்துக்கொண்டார், கனிவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

நான் பொறியியல் மாணவன். கட்டடத்தில் எது பாரம் தாங்கும் தூண், எது தடுப்புச் சுவர் என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது. சமயத்தில் அன்புதான் தூண். விதிகள் சுவர்கள். அவையும் வேணும், ஆனால் தேவைப்பட்டால் ஒரு கதவு வைக்கலாம்.

ஞாயிறு காலையில் கோயில் சமய வகுப்பில் நான் உதவி செய்கிறேன். புட்சால் ஆடிவிட்டு ஒரு பையன் வியர்வையோடு தாமதமாக வந்தால், முதலில் முகம் கழுவிட்டு உள்ளே வந்து உட்காருன்னு சொல்வோம். அவன் அடுத்த வாரமும் வருவான். நமக்கு அதுதானே வேணும்?