ஆறுமுக நாவலரும் கைவிட்ட உத்தியோகமும்

மன்னார்த் தீவினின்றும் பாலத்தைக் கடந்து பெருநிலக் கரையை அடைந்து மாந்தைக்குச் செல்வோர், பாலாவித் தீர்த்தத்தின் அருகே திருக்கேதீச்சரத் திருக்கோயிலைத் தரிசிப்பர். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் திருப்பதிகம் அருளிச்செய்த இத்தலம் போர்த்துக்கேயர் காலத்திலே இடிக்கப்பட்டு, நெடுங்காலம் காடுமூடிக் கிடந்தது. புதுக் கோயில்கள் எடுக்கப் பொருள் தேடும் சைவர்கள் பாடல்பெற்ற இத்தலத்தை நினையாதிருத்தல் என்னை என்று 1872 ஆம் வருஷத்திலே இரந்தும் இடித்தும் எழுதியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். அவர் சரித்திரம் நம்மாசிரியர் யாவரும் அறிந்ததே. ஆயினும், கார்த்திகை மகத்துக் குருபூசைத் தினத்திலே பிள்ளைகளுக்கு அதனை எடுத்துச் சொல்லும்போது ஒரு பகுதியை மாத்திரம் நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். அஃது அவர் பாதிரிமாரிடத்து வேலைபார்த்த காலமாம்.

நாவலர் 1822 ஆம் வருஷம் டிசம்பர் 18 ஆந் திகதி கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்ப் பிறந்தார். ஒன்பதாம் வயதிலே தந்தையை இழந்தார். சேனாதிராச முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் தமிழ் கற்றார். ஆங்கிலங் கற்கும்பொருட்டு வெஸ்லியன் சங்கத்தார் பாடசாலையிற் சேர்ந்து, இளமையிலேயே அங்கு ஆசிரியருமாயினார். அப்பாடசாலையை நடாத்திய பேர்சிவல் பாதிரியார் அவருடைய தமிழ்ப் புலமையைக் கண்டு, விவிலிய நூலைத் திருத்தமான தமிழிலே பெயர்க்குந் தொழிலுக்கு அவரைத் துணையாகக் கொண்டார். 1841 அளவிலே தொடங்கி ஏழாண்டு அவ்வேலை நடந்தது. அதனைச் சென்னைப் புலவர்க்குக் காட்டும்படி பாதிரியார் தம்முடன் அவரை அங்கே அழைத்தும் சென்றார். அப்பெயர்ப்பு 1850 இல் அச்சேறிற்று.

அவ்வேழாண்டும் அவர் திருநீற்றை மறைத்தாரல்லர், ஆசாரத்தை விட்டாரல்லர். இதனை அவர் சரித்திரமெழுதினோர் யாவருங் கூறுவர். ஆனால் அது மாத்திரம் அவர் உள்ளத்துக்குப் போதியதாயிற்றில்லை. பகலிலே சம்பளத்துக்குக் கற்பித்தவர் காலையும் இரவும் தம் வீட்டிலே மாணாக்கர்க்குக் கூலியின்றித் தமிழும் சைவமும் கற்பித்தார். 1847 ஆம் வருஷம் டிசம்பர் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே முதற் பிரசங்கஞ் செய்தார். வாரத்தில் மற்றை நாட்களிலே பாதிரியாரோடிருந்து அவர் வேதத்தைத் தமிழாக்குதலும், வெள்ளிதோறும் சிவன்கோயிலிலே சைவத்தை எடுத்துரைத்தலும் ஒருவரே செய்தனர். பேர்சிவல் பாதிரியார் இதன் பொருட்டு அவரை விலக்கியதாக யாம் அறியேம். விலக்கியிருப்பின் எளிதாயிருந்திருக்கும், பழி பிறர்மேலதாய் முடிந்திருக்கும். யாருந் தள்ளாதிருக்கவே, தாமே விலகவேண்டியதாயிற்று. கீலக வருஷம் ஆவணி மாசத்திலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அடுத்து 1848 செப்டெம்பரிலே அவ்வுத்தியோகத்தைக் கைவிட்டார். அதிக வேதனம் தருவதாகப் பாதிரியார் வேண்டியும் நின்றிலர் என்ப.

இவ்விடத்திலே எம்மைப்பற்றி ஒரு சொல் சொல்லல் வேண்டும். யாமும் பாதிரிமார் நிறுவிய பள்ளிக்கூடத்திற் படித்தவரே. காலையிலே அன்னையார் இட்ட திருநீற்றைத் தெருமூலையிலே நின்று புறங்கையால் அழித்துவிட்டுப் பள்ளிக்குட் புகுவேம். மாலையிலே வீட்டுப்படியேறுமுன் மீண்டும் இட்டுக்கொள்வேம். ஆசிரியரோ குருமாரோ அழிக்கச் சொன்னாரல்லர். யாமே அழித்தேம். ஐம்பது வயது கடந்தபின் நாவலருடைய அவ்வேழாண்டை நினைக்குந்தோறும் அத்தெருமூலையே எம் கண்முன் வருகின்றது.

சம்பளம் போனபின் வந்த வறுமை சிறிதன்று. வித்தியாசாலை பிடியரிசியாலும் வணிகர் கொடையாலும் நடந்தது. அரசினர் நன்கொடைப்பணம் 1870 அளவிலேதான் கிடைத்தது. 1849 இலே அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்றவர், வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கஞ் செய்து நாவலர் என்னும் பட்டம் பெற்றார். அவ்வியந்திரத்திலே பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் பிறவும் வெளிவந்தன. 1864 இலே சிதம்பரத்தில் ஒரு வித்தியாசாலை நிறுவினார். 1872 இலே வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பாடசாலையும் தொடங்கினார். பொருளின்மையால் அது சிலவாண்டிலே மூடப்பட்டது. வகுப்பு வகுத்துக் கற்பித்தல், படிமுறைப் பாடப்புத்தகம், வாக்கியங்களைக் குறியிட்டுப் பிரித்தல், மேடைப் பிரசங்கம் ஆகிய இவையெல்லாம் பாதிரிமாரிடத்துக் கண்டு கொண்டவையே. கொண்டதை மறைக்கவேண்டுமென்று அவர் கருதினாரல்லர். நாம்தான் அவருக்காக நாணுகின்றோம்.

பிறசமயத்தாரைக் கண்டித்த அவ்வெழுதுகோல் சைவரையும் விட்டுவைத்ததில்லை. தம் சொந்த ஊராகிய நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகமவிதிக்கு மாறாக நடத்தல், கோயில்களிலே உயிர்ப்பலியிடுதல், உற்சவங்களிலே தாசிகள் ஆடுதல் என்னும் இவற்றை வெளிப்படையாக எழுதிப் பகைதேடிக்கொண்டார். தம் பக்கத்தாருடைய குற்றத்தை அச்சிலிட்டவர், தம்மை வினவிக்கொண்ட பின்னரே பிறரை வினவினார் என்பது எம் கருத்து.

எனினும் இதனையும் எழுதாது விடின் யாம் அவரைப்பற்றி உண்மை சொன்னவராகேம். சாதி வரம்பை அவர் கைவிட்டாரல்லர். அதனை ஏற்றுக்கொண்டு எழுதிய இடங்கள் அவர் நூல்களிலே உள. அவ்வரம்பின் புறத்தே நிறுத்தப்பட்டவர் வீட்டுப் பிள்ளைகளும் இன்று நம் வகுப்பிலே முன்வாங்கிலிருந்து தேவாரம் பாடுகின்றனர். அவர்கள் கேட்டால் யாது சொல்வோம்? காலத்தின் குற்றமென்று சொல்லித் தப்பிக்கொள்ளல் எமக்கு உடன்பாடன்று. ஏழாண்டு தம்மைத் தாமே வினாவிய ஒருவர் இவ்விடத்திலே வினாவாதொழிந்தார் என்றே சொல்கின்றோம்.

1877 ஆம் வருஷத்துப் பஞ்சத்திலே வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளை ஊட்டினார். மணஞ்செய்யாதே வாழ்ந்து, 1879 டிசம்பர் 5 ஆந் திகதி சிவபதமடைந்தார். திருக்கேதீச்சர நிலத்தை 1893 இலே பசுபதிச் செட்டியார் முதலாயினோர் ஏலத்தில் வாங்கினர். மறுவருஷம் பழைய இலிங்கம் மண்ணினின்றும் வெளிப்பட்டது. 1903 இலே கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. பின்னர் 1976 இலும், போரினால் 1990 இலே அடைபட்டுப் பாழாய்க் கிடந்து மீண்டபின் 2022 இலும் நிகழ்ந்தது. நாவலர் இவற்றுள் ஒன்றையுங் கண்டிலர்.

சென்ற குருபூசைக்குப் பிள்ளைகளைப் பாலாவிக்கு அழைத்துச் சென்றேம். நாவலர் பாதிரிமாரிடத்துச் சம்பளம் வாங்கியதுண்டா என்று ஏழாம் வகுப்புச் சிறுமியொருத்தி எம்மைக் கேட்டாள். அருகே நின்ற ஆசிரியர் பேச்சை மாற்ற முயன்றார். உண்டு என்றேம், ஏழாண்டு என்றும் சொன்னேம்.