கார் ஓட்டத் தெரியாத சாலை மன்னர்

நியூயார்க் நகரம் முழுவதும் கார் சாலைகளைப் போட்டவர் ராபர்ட் மோசஸ். ஆனால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது! ஆயுள் முழுவதும் டிரைவர் வைத்துக்கொண்டுதான் போய் வந்தார்.

மோசஸ் 1888-ம் ஆண்டு அமெரிக்காவில் நியூஹேவன் என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். மூன்று சர்வகலாசாலைகளில் படித்து "டாக்டர்" பட்டம் பெற்றார்.

கடற்கரைக்கு வழி

1924-ல் நியூயார்க் அருகே உள்ள லாங் ஐலண்டு தீவின் பூங்காக்களை நிர்வகிக்கும் பதவி அவருக்குக் கிடைத்தது. நகர மக்கள் கடல் காற்று வாங்க வேண்டும் என்று நினைத்தார். 1929-ல் ஜோன்ஸ் கடற்கரையைத் திறந்தார். அங்கே போக அழகான சாலைகள் போட்டார். இருபுறமும் மரங்கள், குறுக்குத் தெருக்கள் பாலத்தின் மேலே போகும். கார்கள் நிற்காமல் ஓடின. மக்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

1934-ல் கவர்னர் தேர்தலில் நின்றார், தோற்றார். ஆனால் அவருடைய அதிகாரம் குறையவில்லை. 1936-ல் டிரைபரோ பாலத்தைத் திறந்தார். அதில் வசூலான சுங்கப் பணம் அவருக்குப் பெரிய பலமாக இருந்தது. மேயர்களே அவரை எதிர்க்கத் தயங்கினார்கள்! மற்ற நகரங்களும் அவரை அழைத்து யோசனை கேட்டன.

வீடுகள் இடிந்தன

1948-ல் பிராங்க்ஸ் பகுதியின் நடுவே ஒரு பெரிய சாலை வேலை தொடங்கியது. ஈஸ்ட் டிரிமாண்ட் என்ற இடத்தில் ஒரு மைல் தூரத்துக்கு மட்டும் சுமார் 1,500 குடும்பங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. சற்றுத் தள்ளிப் பூங்கா ஓரமாகச் சாலை போட்டால் வீடுகள் தப்பும் என்று தாய்மார்கள் மன்றாடினார்கள். மோசஸ் மசியவில்லை. வீடுகள் தரைமட்டமாயின.

தடுத்த தாய்

அடுத்து, மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில் தெருக்களுக்கு மேலே பாலம்போல் ஒரு சாலை போட நினைத்தார். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி எதிர்த்தார். இவர் பட்டம் பெறாதவர், பத்திரிகையில் எழுதியவர், மூன்று பிள்ளைகளின் தாய். தெரு என்பது ஜனங்கள் வாழும் இடம் என்று 1961-ல் புத்தகம் எழுதினார். அக்கம்பக்கத்தாரைத் திரட்டினார். 1962-ல் நகர ஆட்சிக்குழு திட்டத்தை நிராகரித்தது. மறுபடி தலைதூக்கிய அந்தத் திட்டம் 1969-ல் அடியோடு கைவிடப்பட்டது.

அதற்குள் மோசஸ் அதிகாரத்தை இழந்துவிட்டார். 1981-ல், 92-வது வயதில் காலமானார்.

அவர் அமைத்த கடற்கரையில் இன்றும் குழந்தைகள் விளையாடுகின்றன. பிராங்க்ஸ் சாலையில் இன்றும் கார்கள் நெரிசலில் நிற்கின்றன. சாலை போடும் முன் அங்கே குடியிருப்பவர்களையும் கேட்க வேண்டும். இந்தப் பாடத்தை நியூயார்க் பெரிய விலை கொடுத்துப் படித்தது!