ஃபோல்கே பெர்னடோட்

ஃபோல்கே பெர்னடோட் (ஜனவரி 2, 1895 – செப்டம்பர் 17, 1948) சுவீடனைச் சேர்ந்த பிரபுவும், படை அதிகாரியும், சாரணர் இயக்கத் தலைவரும் ஆவார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மனியின் வதைமுகாம்களிலிருந்து பல்லாயிரம் கைதிகளை மீட்டமைக்காக இவர் அறியப்படுகிறார். பாலஸ்தீனத்தில் ஐக்கிய நாடுகளின் சமரசத் தூதராகப் பணியாற்றியபோது கொல்லப்பட்டார்.

பிறப்பும் குடும்பமும்

பெர்னடோட் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். இவரது தந்தை ஆஸ்கார், மன்னர் இரண்டாம் ஆஸ்காரின் மகன். அரச குடும்பத்தைச் சேராத எப்பா முங்க் என்பவரை 1888 இல் மணந்ததால் அவர் அரியணை உரிமையை இழந்தார். எனவே ஃபோல்கே இளவரசராக அன்றி, விஸ்போரி பிரபுவாகவே வளர்ந்தார். குதிரைப்படை அதிகாரியான இவர், 1928 இல் எஸ்டெல் மான்வில் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார்.

சாரணர் இயக்கம்

1937 இல் சுவீடன் சாரணர் ஒன்றியத்தின் தலைவரானார். போர்க்காலத்தில் சுவீடன் நடுநிலை வகித்தபோதும், சாரணர்களுக்கு வான்தாக்குதல் எதிர்ப்புப் பணியிலும் மருத்துவ உதவியிலும் பயிற்சி அளித்து அவர்களை நாட்டின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் இணைத்தார்.

வெள்ளைப் பேருந்துகள்

1943 இல் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணைத் தலைவரானார். பெப்ரவரி 1945 இல் ஜெர்மனி சென்று ஹிம்லருடன் பேச்சு நடத்தினார். டென்மார்க், நோர்வே நாட்டுக் கைதிகளை நோயன்காமே முகாமில் ஒன்றுதிரட்ட மட்டுமே முதலில் இசைவு கிடைத்தது. பின்னர் ராவென்ஸ்புரூக் முகாமில் இருந்த பிற நாட்டுப் பெண்களும் மீட்கப்பட்டனர். வான்தாக்குதலைத் தவிர்க்கப் பேருந்துகளுக்கு வெள்ளை நிறம் பூசப்பட்டுச் செஞ்சிலுவைக் குறி இடப்பட்டது. ஏறத்தாழ 15,000 பேர் காப்பாற்றப்பட்டனர்; அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஸ்காண்டிநேவியர்.

எனினும், ஸ்காண்டிநேவியருக்கு நோயன்காமேயில் இடம் ஏற்படுத்துவதற்காக, நோயுற்றிருந்த ஏறத்தாழ 2,000 பிற நாட்டுக் கைதிகள் இதே பேருந்துகளில் வேறு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இச்செயல் பிற்காலத்தில் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

பாலஸ்தீனமும் இறப்பும்

மே 20, 1948 அன்று பாலஸ்தீனத்துக்கான ஐக்கிய நாடுகளின் சமரசத் தூதராக நியமிக்கப்பட்டார். இவரது முயற்சியால் ஜூன் 11 முதல் நான்கு வாரப் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. ஜூன் மாத இறுதியில் இவர் அளித்த முன்மொழிவு, எருசலேமை அரபுப் பகுதியில் சேர்த்திருந்தது. இதை இரு தரப்பினரும் ஏற்கவில்லை. செப்டம்பரில் அதைத் திருத்தி, எருசலேமைப் பன்னாட்டுப் பொறுப்பில் விடவும், அகதிகள் தம் வீடு திரும்பும் உரிமையை உறுதிசெய்யவும் பரிந்துரைத்தார்.

அதற்கு அடுத்த நாள், செப்டம்பர் 17 அன்று, எருசலேமில் லெகி என்ற யூதத் தீவிரவாத அமைப்பினர் இவரைச் சுட்டுக் கொன்றனர். உடனிருந்த பிரெஞ்சுப் படை அதிகாரி ஆந்திரே செரோவும் கொல்லப்பட்டார். கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இவரது பணியைத் தொடர்ந்த ரால்ஃப் பஞ்ச் 1949 இல் போர் ஓய்வு உடன்பாடுகளை நிறைவேற்றி, 1950 இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். அகதிகள் பற்றிய பெர்னடோட்டின் பரிந்துரை, டிசம்பர் 1948 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 194 ஆம் தீர்மானத்துக்கு அடிப்படையாக அமைந்தது.