போலீசுக்கு தண்ணி காட்டிய ஆக்ஸ்போர்டு பட்டதாரி: கஞ்சா மன்னன் 'மிஸ்டர் நைஸ்' கதை

43 போலி பெயர்கள், 25 கம்பெனிகள், 89 டெலிபோன் லைன்கள். ஒரு காலத்தில் உலகம் முழுக்க கஞ்சா கடத்தி கலக்கிய ஹோவர்ட் மார்க்சின் கணக்கு இது.

இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் பகுதியில் கென்பிக் ஹில் என்ற கிராமத்தில் 1945ல் பிறந்தவர். அப்பா கப்பல் கேப்டன், அம்மா டீச்சர். படிப்பில் புலி. ஆக்ஸ்போர்டில் இயற்பியல் படித்தார். கஞ்சா பழக்கமும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

முதலில் நண்பர்களுக்கு விற்றார். பிறகு பாட்டு கச்சேரி குழுக்களின் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் சரக்கை அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1973ல் மாட்டினார். ஜாமீனில் வந்தவர் 1974ல் டிமிக்கி கொடுத்துவிட்டு, 6 வருடம் தலைமறைவாக சுற்றினார். நைஸ் என்ற பெயருள்ள ஒருவரின் பாஸ்போர்ட்டை விலைக்கு வாங்கி பயன்படுத்தியதால்தான் 'மிஸ்டர் நைஸ்' பட்டம்.

கோர்ட்டில் விட்ட கதை

ஸ்காட்லாந்து கடற்கரையில் 15 டன் கொலம்பியா கஞ்சாவை இறக்கிய வழக்கில் 1980ல் போலீஸ் அமுக்கியது. இந்த தடவை தப்ப முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் 1981ல் லண்டன் கோர்ட்டில் மனுஷன் ஒரே போடாக போட்டார். நான் கடத்தல்காரன் இல்லை, மெக்சிகோ நாட்டு உளவாளி என்று சாதித்தார். பிரிட்டிஷ் உளவுத்துறையில் இருந்த பழைய ஆக்ஸ்போர்டு நண்பர் ஒருவர் முன்பு இவரை வேலைக்கு பயன்படுத்தியது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்து மீதியை அளந்துவிட்டார். ஜூரிகள் நம்பிவிட்டார்கள்! கடத்தல் வழக்கில் விடுதலை. போலி பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தண்டனை.

அத்தோடு திருந்தியிருக்கலாம். இல்லை. மறுபடி பாகிஸ்தான் சரக்கில் இறங்கினார்.

இந்த முறை மோதியது அமெரிக்க போதை தடுப்பு போலீசுடன். பிலிப்பைன்சில் இருந்த மொய்னிகான் என்ற பிரிட்டிஷ் பிரபு, நண்பர் போல பேசியே எல்லாவற்றையும் ரகசியமாக டேப்பில் பிடித்து கொடுத்துவிட்டார். 1988ல் ஸ்பெயினில் வீட்டில் இருந்தபோது கைது. மனைவியையும் பிடித்துப் போனார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் உள்ளே, பிள்ளைகள் வெளியே தவித்தன.

அமெரிக்க கோர்ட்டு 25 வருடம் தீட்டியது. இண்டியானா மாநில டெரே ஹாட் ஜெயிலில் கம்பி எண்ணினார். 7 வருடத்தில், 1995ல் வெளியே வந்தார்.

டெபாசிட் காலி

வந்தவர் கடத்தலுக்கு போகவில்லை. தன் கதையை 1996ல் புத்தகமாக எழுதினார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. கஞ்சாவுக்கு சட்ட அனுமதி வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு 1997 பொதுத்தேர்தலில் 4 தொகுதிகளில் நின்றார். எந்த தொகுதியிலும் 2 சதவீத ஓட்டு கூட தேறவில்லை. கதை கேட்க அரங்கம் நிறைய வந்த கூட்டம், ஓட்டு போட வரவில்லை.

2010ல் இவர் வாழ்க்கை சினிமாவாகவும் வந்தது. 2015ல் குடல் புற்றுநோய், ஆபரேஷன் செய்ய முடியாத நிலை என்று தெரிந்தது. 2016 ஏப்ரல் 10ந்தேதி 70 வயதில் இறந்தார்.

2018 நவம்பரில் பிரிட்டனில் சிறப்பு டாக்டர்கள் சீட்டு எழுதினால் கஞ்சா மருந்து வாங்கலாம் என்று சட்டம் மாறியது. மற்றபடி கையில் வைத்திருந்தால் அங்கே இன்றும் கேஸ்தான்.