எம். ஜே. கோபாலன்: தெரிவும் தெளிவும்

1936ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து இரண்டு விளையாட்டு அணிகள் ஐரோப்பாவிற்குக் கப்பலேறின. ஒன்று இங்கிலாந்து சென்ற கிரிக்கெட் அணி. மற்றொன்று பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற ஹாக்கி அணி. இவ்விரண்டு ஆட்டங்களிலும் நாட்டின் சார்பில் களமிறங்கும் ஆற்றல் பெற்றிருந்த இளைஞர் ஒருவர் அப்போது சென்னையில் இருந்தார். இரு வழியிலும் ஒருவரே செல்ல இயலாதாகையால் அவர் ஒன்றைக் கொண்டார், மற்றொன்றை விட்டார். அவர்தாம் மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் என்னும் எம். ஜே. கோபாலன். அந்த ஒரு தெரிவைக் கொண்டே அவர் வாழ்வை அளந்து இரங்குவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வளவுகோல் சரியானதுதானா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

செங்கற்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் கோபாலன் பிறந்தார். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தபின் அவர் வளர்ந்த இடம் திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி பெருமாள் கோயிலும் கடற்கரையும் அமைந்த அப்பகுதி சேப்பாக்கம் ஆடுகளத்திற்கும் அண்மையில் உள்ளது. கிரிக்கெட் ஆட்டம் அந்நாளில் பெரும்பாலும் ஆங்கிலேய அலுவலர்க்கும் வசதி படைத்த இந்தியர்க்குமே உரியதாக இருந்தது. சிற்றூரிலிருந்து வந்த இளைஞனுக்கு அவ்வாசல் எளிதில் திறப்பதன்று. ஆனால் அவருடைய பந்துவீச்சின் வேகத்தைக் கண்டு வியந்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜிலும் கென்ட் அணியிலும் ஆடிப் பழகிய அவர், சென்னையில் பர்மா ஷெல் நிறுவனத்தில் உயர்பதவி வகித்தவர். கோபாலனுக்கு அந்நிறுவனத்தில் வேலை கிடைக்க வழிசெய்தவரும் அவரே. திருவல்லிக்கேணி கிரிக்கெட் கழகம் கோபாலனின் பயிற்சிக்களமாயிற்று.

பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் இந்தியர்க்கும் ஐரோப்பியர்க்கும் இடையே மாகாணப் போட்டி நடைபெறுவது அக்கால வழக்கம். ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே விதிகளுக்குக் கட்டுப்பட்டு எதிரெதிரே நின்ற அரிய இடங்களுள் அதுவும் ஒன்று. அக்களத்தில் கோபாலன் பெயர் பெற்றார். 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக, சி. கே. நாயுடு தலைமையிலான இந்திய அணியில் அவர் இடம்பெற்றார். ஒரு விக்கெட்டையும் வீழ்த்தினார். அடுத்த மாதம் அதே தொடரின் இறுதி டெஸ்ட் சேப்பாக்கத்தில் நடந்தது. அக்களம் கண்ட முதல் டெஸ்ட் அதுவே. அங்கேயே ஆடி வளர்ந்த கோபாலனுக்கோ அவ்வணியில் இடம் கிட்டவில்லை. ஆயினும் அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் அதே சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகள் தொடங்கியபோது, மைசூர் அணிக்கு எதிராக அக்கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் அவரே. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, அவ்வாட்டம் ஒரே நாளில் சென்னையின் வெற்றியாக முடிந்தது.

கிரிக்கெட் பருவம் முடிந்ததும் அவர் கையில் ஹாக்கி மட்டை ஏறும். தடுப்புக்கும் தாக்குதலுக்கும் பாலமாகக் களத்தின் நடுவே நிற்கும் சென்டர் ஹாஃப் என்னும் இடம் அவருக்குரியது. ஓயாத ஓட்டத்தையும் ஆட்டத்தின் போக்கை முன்னறியும் நுட்பத்தையும் ஒருங்கே வேண்டும் இடம் அது. 1935இல் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் தியான் சந்துடன் அவரும் இடம்பெற்றார். சென்ற இடமெல்லாம் வென்று கோல்களைக் குவித்த அணி அது.

இந்நிலையில்தான் 1936 வந்தது. ஒலிம்பிக் அணிக்கான தேர்வு ஆட்டங்களுக்குச் செல்வதா, இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியுடன் புறப்படுவதா என்னும் வினா அவர்முன் எழுந்தது. கோபாலன் கிரிக்கெட்டைத் தெரிந்தெடுத்தார். இன்று நோக்குவோர்க்கு இது வியப்பளிக்கலாம். ஹாக்கியில் இந்தியா 1928இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் பொன் வென்றிருந்தது. கிரிக்கெட்டிலோ அதுவரை நான்கே டெஸ்ட் போட்டிகளில் ஆடி ஒன்றிலும் வென்றதில்லை. ஆனால் ஒரு பக்கம் இருந்தது தேர்வு ஆட்டத்திற்கான அழைப்பு. மறுபக்கம் இருந்தது அணியில் உறுதியான இடம். மேலும், அவ்வாட்டத்தின் பிறப்பிடத்திலேயே ஆடிப் பார்க்கும் வாய்ப்பு, ஒரேயொரு டெஸ்டுடன் நின்றுபோன வேகப்பந்து வீச்சாளருக்கு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

இங்கிலாந்துப் பயணம் இனிதாக அமையவில்லை. சேர்வராயன் மலையின் மூடுபனிக்குப் பழகியவர்க்கும் அந்நாட்டு மழையும் குளிரும் புதியனவாகவே தோன்றும்; சென்னை வெயிலில் பந்துவீசி வளர்ந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வானிலையைவிடக் கடுமையாக இருந்தது அணிக்குள் நிலவிய பிளவு. அணித்தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமார், ஆட்டத்திறத்தால் அன்றிச் செல்வாக்கால் அப்பொறுப்பைப் பெற்றவர். முதல் டெஸ்ட் தொடங்குமுன்னரே லாலா அமர்நாத் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். லார்ட்ஸ், ஓல்ட் டிராஃபோர்ட், ஓவல் ஆகிய மூன்று களங்களில் நடந்த மூன்று டெஸ்டுகளில் இந்தியா இரண்டில் தோற்று ஒன்றில் வெற்றி தோல்வியின்றி மீண்டது. அம்மூன்றில் ஒன்றிலேனும் கோபாலனுக்கு இடமளிக்கப்படவில்லை.

ஆயினும் அப்பயணத்தில் காணத்தக்கனவும் இல்லாமலில்லை. ஓல்ட் டிராஃபோர்டில் விஜய் மெர்ச்சன்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் குவித்தனர். அயல்மண்ணில் இந்தியர் ஒருவரின் முதல் டெஸ்ட் சதமும் அன்று பிறந்தது. அதே ஆட்டத்தில், கோபாலனைப் போலவே சென்னையைச் சேர்ந்த சி. ராமசுவாமி, தம் 40ஆம் வயதில் முதன்முதலாக டெஸ்ட் களம் கண்டு 40, 60 என ஓட்டங்கள் எடுத்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவிற்காக ஆடியவர் அவர். இரு ஆட்டங்களில் நாட்டின் சார்பில் களமிறங்கிய இருவர், அதுவும் ஒரே நகரத்தவர், ஒரே அணியில் பயணம் செய்தது அரிய நிகழ்ச்சியே. ஒருவருக்கு அப்பயணம் காலங்கடந்த வாழ்த்தாயிற்று. மற்றவருக்குக் காத்திருப்பாகவே கழிந்தது.

1936 ஆகஸ்டு 15ஆம் நாள், லண்டனில் ஓவல் டெஸ்ட் தொடங்கியது. இங்கிலாந்தின் ஹேமண்ட் அவ்வாட்டத்தில் 217 ஓட்டங்கள் குவித்தார். களமிறங்கிய இந்தியர் பதினொருவருள் கோபாலன் இல்லை. மழையால் ஒருநாள் தள்ளிவைக்கப்பட்ட ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டமும் பெர்லினில் அதே நாளில்தான் நடைபெற்றது. தியான் சந்த் தலைமையிலான இந்திய அணி ஜெர்மனியை 8-1 என வென்று மூன்றாம் முறையாகப் பொன் கொண்டது. ஒரே நாளில், ஒரே கண்டத்தில், கொண்ட வழி வெறுமையாகவும் விட்ட வழி பொன்னாகவும் நின்றன.

அத்துடன் காலமும் கதவை அடைத்தது. போர் மூண்டமையால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. 1948இல் மீண்டும் நடைபெற்றபோது கோபாலனுக்கு வயது 39. இந்தியாவின் அடுத்த டெஸ்டும் 1946இல்தான் நடந்தது. இரு துறைகளிலும் அவருடைய உச்சகாலத்தைப் போரே விழுங்கிவிட்டது. ஈடன் தோட்டத்து டெஸ்டே அவருடைய ஒரே டெஸ்டாக நிலைத்தது.

இத்தகைய இழப்புக்குப் பின் ஆட்டத்தையே வெறுத்து ஒதுங்கியவர் உலகில் பலர். கோபாலனோ திரும்பி வந்து, தாம் விட்டுச்சென்ற அதே சேப்பாக்கத்தில் மீண்டும் பந்தைக் கையிலெடுத்தார். 1926-27 பருவத்தில் தொடங்கிய அவருடைய முதல்தர ஆட்டம் 1951-52 வரை, கால் நூற்றாண்டு நீடித்தது. சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1952-53 பருவத்தில் தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வழங்கிற்று. பாக் நீரிணையின் இருகரை இளைஞர்களும் அக்கோப்பைக்காகப் பல ஆண்டுகள் ஆடினர். டெஸ்ட் தகுதி பெறாதிருந்த இலங்கைக்கு அது பயன்மிக்க பயிற்சிக்களமாகவும் அமைந்தது. பின்னாளில் கோபாலன் இந்திய அணியின் தேர்வுக்குழு உறுப்பினராகவும் பணியாற்றினார். அணிக்குள் இருந்தும் களத்திற்கு வெளியே நிற்பதன் துயரை நேரில் அறிந்தவர், பிறருடைய இடத்தை முடிவு செய்யும் இருக்கையில் அமர்ந்தார்.

2003 டிசம்பர் 21ஆம் நாள் சென்னையில், தம் 94ஆம் வயதில் கோபாலன் மறைந்தார். அப்போது வாழ்ந்திருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுள் அவரே மிக மூத்தவராகக் கருதப்பட்டார்.

விளைவை அறிந்தபின் தெரிவைப் பழிப்பது எளிது. கப்பலேறும் நாளில் பெர்லினின் பொன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. லண்டனின் வெறுமையும் தெரியவில்லை. தெரிந்தவற்றைக்கொண்டு அவர் ஒன்றை ஏற்றார். ஏற்றபின் அதனைக் கால் நூற்றாண்டுக் காலம் கைவிடாதிருந்தார். பெறாத பதக்கத்தால் அவரை நினைவுகூர்வோர், சேப்பாக்கத்தில் அவர் வீசிய அந்த முதல் பந்தையும் உடன் நினைத்தல் தகும். இன்றும் ஆண்டுதோறும் ரஞ்சிக் கோப்பைக்காக வீசப்படும் பந்துகள் அனைத்தும் அதன் பின்வரிசையில் வருவனவே.